சத்தம் போடாமல் பழக்கிய குதிரை

பேச வராதவர்களுக்குக் கை சும்மா இருக்காது. நாலு பேர் நிற்கிற இடத்தில் என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கை மட்டும் முந்தானை நுனியைத் திருகும், வளையலை முழங்கைப் பக்கம் தள்ளும், மறுபடி விடும். பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைக்கும் இருந்தேன். வாத்தியார் எழுப்பிக் கேட்டால் பதில் தெரிந்தும் சொல்லாமல் வளையலைத் தள்ளிக்கொண்டு நிற்பேன். "கைய நிறுத்து, வாயத் தொற" என்று பிரம்பால் முட்டியில் தட்டுவார். கையும் நிற்காது, வாயும் திறக்காது.

நான் பிறந்தது கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே, ஆந்திரா எல்லை ஓரத்தில். அப்போது அங்கே கம்பெனி ஒன்றும் வந்திருக்கவில்லை. நைனாவுக்கு, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், கொஞ்சம் நெல் நிலமும் மாடுகளும் இருந்தன. கன்றுக்குட்டிகளைக் கயிற்றில் நடத்திப் பழக்குவது என் வேலை. வாயைத் திறக்காமல் செய்கிற வேலை என்பதால் எனக்குப் பிடிக்கும். அறுபதுகளின் நடுவில் என்னைத் திருவள்ளூரில் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளை ஸ்டேஷன் வாசலில் ஜட்கா ஓட்டுகிறவர், ஒற்றைக் குதிரை வண்டி.

வீடு ரயில் பாதைக்குப் பக்கத்துச் சந்தில். ஒரு பக்கம் ரயில் ஊதும், எதிர்ப் பக்கம் ரைஸ் மில் இரையும். மில் வாசலில் மூட்டை தூக்குகிறவர்கள் பீடி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நான் குடத்தோடு வெளியே வந்தால் அவர்கள் பார்வைக்கு என் நடையே மாறிவிடும். வீட்டில் அவரும் அத்தையும்தான். அத்தை என் மாமியார். மாமனார் போன பிறகு கையில் வளையல் இல்லாதவள், வாயில் மட்டும் குறைவில்லாதவள். நான் வந்த முதல் வாரமே சொல்லிவிட்டாள்: "ரோட்டுல பொம்பள குரல் கேட்டா அது ஊடு இல்ல, சந்த." எனக்கு அதில் ஒரு கஷ்டமும் இல்லை.

கொல்லையில் ஒரு கிழட்டுப் பெண்குதிரை இருந்தது. முன்னங்கால் முட்டி வீங்கி, ஸ்டேஷனுக்கும் கோயிலுக்கும் ஒரு தடவை போய் வந்தாலே நின்றுகொண்டு நடுங்கும். அதற்குப் பதிலாக ஒரு குட்டியைக் குதிரைத் தரகர் ஒருவர் கொண்டுவந்து விட்டார். செம்பு நிறம், மூக்கில் பால் சிந்தினாற்போல வெள்ளை. வண்டி ஏர்க்காலில் ஒரு தடவைகூடப் பூட்டாத குட்டி. பேச்சு என்னவென்றால், தை அமாவாசைக்குள் அது வண்டியில் ஒழுங்காக நின்றால் எங்களுக்கு. நிற்கவில்லையென்றால் தரகர் திரும்பப் பிடித்துக்கொண்டு போய்ச் செங்கல் சூளையில் விட்டுவிடுவார். சூளைக்குப் போன குதிரைகளை நான் பார்த்திருக்கிறேன். முதுகுத் தோல் உரிந்து, காதைக்கூடத் திருப்பாமல் நடக்கும். எந்தப் பக்கம் என்ன சத்தம் கேட்டாலும் அதற்கு ஒன்றுதான்.

திருவள்ளூரில் தை அமாவாசை என்றால் தெரியும். ரயில் ரயிலாக ஜனம் இறங்கும். பெருமாள் கோயில் குளத்தில் முழுகி, தண்ணீரில் வெல்லம் கரைத்துவிட்டுப் போவார்கள். உடம்பில் கொப்புளமோ கட்டியோ வந்தால் அந்த வெல்லம் கரைகிற மாதிரி கரைந்துபோகும் என்று நம்பிக்கை. அன்றைக்கு வண்டி இல்லாத ஜட்காக்காரரை ஸ்டாண்டில் மனிதராக மதிக்க மாட்டார்கள்.

குட்டி வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் யாருக்கும் ஓய்வில்லை. அதைக் குட்டையாகக் கட்டிப்போட்டால் நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைத்துக் குழி பறிக்கும். நீளமாகக் கட்டினால் கயிற்றைக் கடித்து அறுக்கும். ரயில் ஊதினால் சுவரில் போய் மோதும். அவர் சாட்டையோடு கிட்டப் போனார், தோளைக் கடித்து வைத்தது. மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு, "பேஜாரு புடிச்ச கழுத, இத்த நம்பி நான் கெட்டேன்" என்று கிழட்டுக் குதிரையைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். முதல் ரயிலுக்குப் போனால் கடைசி ரயில் விட்ட பிறகுதான் வருவார். பகல் பூராவும் குட்டி வெளியே நடக்கும், நான் உள்ளே நடப்பேன். அடுப்புக்கும் அம்மிக்கும் நடுவே எனக்கு ஏன் அத்தனை நடை என்று அத்தை கேட்பாள்.

ஒருநாள் கொள்ளு வாளியை நான் எடுத்துப் போனேன். குட்டி ஓடிவந்து தலையால் முட்டியது. வாளி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மூக்கை மண்ணில் விட்டுப் பொறுக்கித் தின்றது. எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டபோது பயத்தைவிட எனக்கு எரிச்சல்தான் வந்தது. எங்கள் ஊரில் கன்றுக்குட்டிகூட அப்படி முட்டித் தின்னாது. அதற்கு யாரும் மரியாதை சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான் என்று தோன்றியது.

மறுநாள் வாளியைத் தூக்கிக்கொண்டு போய் அதற்கு முதுகைக் காட்டி நின்றேன். தோளை இடித்தது. முடியைப் பிடித்து இழுத்தது. நான் திரும்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மூச்சு தள்ளிப் போனது தெரிந்தது. திரும்பிப் பார்த்தேன், ஓரடி பின்னால் நின்றுகொண்டிருந்தது. வாளியை வைத்தேன். அதற்கப்புறம் முட்டினால் முதுகு, விலகினால் வாளி. இந்தக் கணக்கை அது என்னைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொண்டது.

பிறகு கயிறு. கன்றுக்குச் செய்கிற மாதிரியே. அது இழுத்தால் நான் மரம் மாதிரி நின்றுவிடுவேன். கயிறு தளர்ந்தால் நடப்பேன். என் தோளுக்கு நேராக அதன் தோள் வரவேண்டும், முந்தக்கூடாது. மார்பெலும்பில் ஒரு விரலை வைத்தால் பின்னால் ஓரடி. காலைத் தடவிக் குளம்பைத் தூக்கினால் கொடுக்கவேண்டும், லாடம் அடிக்கிறவரிடம் உதைக்கக்கூடாது. சாக்கைத் தோளில் போட்டு எடுப்பேன். அத்தையின் பழைய குடையை விரித்து மூடுவேன். பனை மட்டையையும் தகரத்தையும் கயிற்றில் கட்டிப் பின்னால் இழுக்கவிடுவேன். முதலில் தகரம் கடகடவென்றதும் கொல்லையைச் சுற்றிச் சுற்றி ஓடியது. நானும் கூடவே ஓடினேன். புடவை கிழிந்தது. ரெண்டு பேரும் மூச்சு வாங்க நின்றபோது அது தலையை என் முதுகில் சாய்த்தது. அதன் நெஞ்சு அடித்துக்கொள்வது எனக்குள் கேட்டது.

இத்தனையும் வாயைத் திறக்காமல். எதிரில் மில்லுக்காரர்கள். உள்ளே அத்தை. என் குரல் எனக்கே ஞாபகம் இல்லை. பொங்கலுக்கு முன்னால் ஒரு காலையில் அவருக்குக் காட்டினேன். கொல்லைக் கோடியிலிருந்து நடத்தி வந்து நிறுத்தி, பின்னால் போகவைத்தேன். பக்கத்தில் ரயில் ஊதினபோது அது அசையாமல் நின்றதையும் பார்த்தார். வாயைத் திறந்தபடியே நின்றார்.

"இன்னாமே பண்ண இத்த? மந்திரமா?"

நான் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தேன்.

அன்றைக்கே ஸ்டாண்டிலிருந்து ஒருவரைக் கூட்டிவந்தார். வெள்ளைக்குதிரைக்காரர் என்றுதான் அவரைச் சொல்லுவார்கள். ஸ்டாண்டில் மூத்தவர், குசும்பு பேசுகிறவர். குட்டிக்குப் பட்டையெல்லாம் மாட்டி, பின்னால் ஒரு கட்டையைக் கட்டி, லகானை என் வீட்டுக்காரர் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் நின்றார். வெள்ளைக்குதிரைக்காரர் முன்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். நான் ஆம்பிளைகள் முன்னால் நிற்கக் கூசி, கிணற்றடிக்குப் போய்ப் பாத்திரத்தை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"ஹை" என்றார் அவர். குட்டி நகரவில்லை. "ஹை ஹை" என்று லகானைச் சுண்டினார். கல் மாதிரி நின்றது. வெள்ளைக்குதிரைக்காரர், "இன்னா நைனா, ஊட்டுல சாதுவா கீது, உன்னப் பாத்தா செலையா நிக்குது" என்றார். நான் குண்டானை எடுத்துச் சாம்பலைத் தொட்டு, வேலைக்குத் தோதாக வளையலை மேலே தள்ளினேன். குட்டி விருட்டென்று கிளம்பியது. வெள்ளைக்குதிரைக்காரர் கயிற்றோடு ஓடினார். கட்டை தடதடவென்று போனது. நான் பதறிக் கையைக் கீழே விட்டேன், வளையல்கள் மணிக்கட்டில் சலாரென்று விழுந்தன. குட்டி அங்கேயே நின்றது. பின்னால் ஓடி வந்த அவர் அதன் மேலேயே போய் மோதினார்.

மறுபடி பூட்டினார்கள், மறுபடி அதே கூத்து. நான் தேய்த்தால் போகும். நான் கழுவ நிறுத்தினால் நிற்கும். எங்கள் மூவருக்கும் புரியவில்லை. நடையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அத்தைக்குத்தான் புரிந்தது.

"அடியே, கைய ஆட்டாத."

நான் நிறுத்தினேன்.

"இப்ப வளையல மேல தள்ளு."

தள்ளினேன். குட்டி நடந்தது.

"உடு."

விட்டேன். நின்றது.

"நான் எத்தினியோ தபா அதுகிட்ட போயி வந்துகினு கீறேன், ஒரு காதத் திருப்பல. என் கை மொட்டக் கை. இது உன் வளையலுக்குப் பழகிக்கீதுடி" என்றாள் அத்தை.

எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நடத்தும்போது கிளம்புகிற நேரத்தில் நான் வளையலைத் தள்ளியிருக்கிறேன், நிற்கும்போது கையை விட்டிருக்கிறேன். என் கை எனக்குத் தெரியாமல் பேசியிருக்கிறது. அது முழுக்கக் கேட்டிருக்கிறது.

வெள்ளைக்குதிரைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சரியான குதிரைதான் நைனா. நீ ஒண்ணும் கவலைப்படாத. பொண்டாட்டிகிட்ட ஒரு டஜன் வாங்கி மாட்டிக்கினு ஓட்டு. ஸ்டாண்டுல நாங்க மஞ்சள் குங்குமம் வெச்சு அனுப்புறோம்."

அவர் முகம் கறுத்துவிட்டது. ஒரு ஆம்பிளையை வளையல் போட்டுக்கொள் என்பதைவிடக் கீழான பேச்சு எங்கள் பக்கத்தில் இல்லை. வெள்ளைக்குதிரைக்காரர் அதைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, இன்னொன்றும் சொன்னார்.

"சிரிப்பு கெடக்கட்டும் தம்பி. அமாவாசைக்கு ரயிலேறி வர்ற பொம்பளைங்க கையில இன்னா கீது? அத்தினியும் கண்ணாடி வளையல். ஒரு கால் படியில, ஒரு கால் ரோட்டுல வெச்சிக்கினு அவ கம்பியப் புடிக்கிறா. சல்லுங்குது. உன் குதிரை கோயிலுக்குப் போயிடும். அவ ரோட்டுல கெடப்பா. யாரு பதில் சொல்றது?"

என் வீட்டுக்காரர் குட்டியின் பக்கத்தில் போனார். அவர் பட்டைகளைக் கழற்றிப் போட்டார். "தரகராண்ட சொல்லிடறேன். இது ஆவாது."

அன்றைக்குப் பூராவும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. ஒவ்வொரு தடவை கை அசையும்போதும் வெளியே குளம்பு அசைந்தது. கடைசியில் ஒரு துணியைக் கிழித்து ரெண்டு கை வளையலையும் இறுக்கிச் சுற்றிக் கட்டிக்கொண்டேன். ரெண்டு கையிலும் புண்ணுக்குக் கட்டுப் போட்டவள் மாதிரி இருந்தேன். குட்டி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது, மறுபடி பார்த்தது. நான் எங்கோ போய்விட்டேன் என்று நினைத்திருக்கும்.

விளக்கு வைக்கிற நேரத்தில் அவர் கை கால் கழுவ வந்தபோது தண்ணீர் ஊற்றிக்கொண்டே சொன்னேன்.

"அமாவாச வரைக்கும் உடுங்க. நான் பேசிப் பழக்குறேன்."

"யாரு, நீயா? பேசியா?" என்றார். சிரிக்கவில்லை, நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "என்கிட்டயே நீ பேசி நான் கேட்டதில்ல."

"அதுகிட்ட பேசறேன்."

செம்பில் இருந்த மிச்சத் தண்ணீரையும் ஊற்றச் சொல்லிக் காலை நீட்டினார். வேண்டாம் என்று சொல்லாததே எனக்குப் போதும்.

மறுநாள் சந்திலேயே நடத்தினேன். கொல்லை போதாது, ரோட்டுச் சத்தத்திலும் அது என் வார்த்தையைக் கேட்கவேண்டும். முதலில் வார்த்தை, கொஞ்சம் இடைவெளி, பிறகு வளையல். அப்படிச் செய்தால் வார்த்தைக்குப் பின்னால் என்ன வரும் என்று அதுவே எதிர்பார்க்கும் என்று நினைத்தேன். ஒரு கைக்கட்டை அவிழ்த்துக்கொண்டு, கயிற்றைப் பிடித்துக்கொண்டு, மில் வாசலைப் பார்க்காமல் "போ" என்றேன். இருமல் மாதிரி வந்தது. எதிரில் ஒருவன் பெண் குரலில் "போ... போ..." என்று இழுத்தான். இன்னொருவன், "நான் போவமாட்டேன்பா, டூட்டி கீது" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். உள்ளே ஓடிவிடலாம் போல இருந்தது எனக்கு. கயிறு கையில் இருந்ததால்தான் ஓடவில்லை. மறுபடி "போ" என்றேன். வளையலைத் தள்ளினேன். குட்டி நடந்தது.

அத்தை வாசலுக்கு வந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். மில் பக்கம் பார்த்து, "மூட்ட தூக்க வந்தீங்களா, கூத்து பாக்க வந்தீங்களா? மேஸ்திரிய கூப்புடட்டா?" என்று ஒரு சத்தம் போட்டாள். அந்தச் சந்தில் அவ்வளவு பெரிய பெண் குரலை நான் கேட்டதே இல்லை. உள்ளே போகும்போது என்னிடம், "நீ மெதுவாவே பேசு. சத்தம் போடறதுக்கு நான் கீறேன்" என்றாள்.

நாள் போகப் போக வார்த்தைக்கே கிளம்பத் தொடங்கியது. பிறகு "நில்லு". அது கஷ்டமாக இருந்தது. வளையல் விழாமல் எப்படி நிற்பது என்று அதற்குச் சந்தேகம். ரெண்டு அடி கூடப் போய்த் திரும்பிப் பார்க்கும். வளையலைக் கட்டிவிட்டு வெறும் வார்த்தையில் நடத்தியபோது முதல் நாள் முழுக்கக் காதைச் சுழற்றிக்கொண்டே இருந்தது. எனக்கும் கை ஊறியது. தூக்கத்தில்கூடக் கைத் துணியை இழுத்துப் பார்ப்பேன்.

அடுத்து அவர் குரல். அதுதான் பெரிய பாடு. ஸ்டேஷன் வாசலில் "கோயிலு, கோயிலு, எறங்கி வாங்கம்மா" என்று கத்திப் பழகிய தொண்டை. "போ" என்றால் அடுத்த தெருக் குதிரை கிளம்பும். குட்டி தலையை உதறிக்கொண்டு பின்வாங்கியது. நான் பக்கத்தில் நின்று, "மெதுவா" என்றேன். கொஞ்சம் குறைத்தார். "இன்னும்" என்றேன். "இன்னாமே, ரகசியமா சொல்லணுமா?" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் குனிந்து, யாருக்கும் கேட்காத மாதிரி "போ" என்றார். குட்டி ஒரு காதை அவர் பக்கம், ஒரு காதை என் பக்கம் வைத்துக்கொண்டு ஓரடி எடுத்து வைத்தது. நடையிலிருந்து அத்தை, "புருசனும் பொண்டாட்டியும் குதுரைகிட்ட கொஞ்சிக்கினு கீறாங்க. என்கிட்ட ஒருத்தரும் காபி வேணுமான்னு கேக்கல" என்றாள்.

ஆனாலும் வளையல் பயம் தீரவில்லை. என் வளையலைக் கட்டிவிட்டால் போதுமா? பக்கத்து வீட்டுக்காரி நெருப்பு வாங்க வந்து கையை நீட்டியபோது குட்டி ரெண்டு அடி போய்விட்டது. ஊரிலுள்ள கைகளை எல்லாம் நான் துணியால் கட்டமுடியுமா? அந்தச் சத்தம் அதற்கு ஒன்றுமில்லாத சத்தமாக ஆகவேண்டும், ரைஸ் மில் இரைச்சல் மாதிரி.

பொங்கல் முடிந்ததும் வளையல்காரர் சந்துக்கு வந்தார். தோளுக்கு முன்னும் பின்னும் கண்ணாடி வளையல் சரம் சரமாகத் தொங்கும். அவர் நடந்தாலே தெரு சலசலக்கும். வழக்கமாக நாலு வீடு தள்ளி உட்கார்ந்து கடை விரிப்பார். நான் வாசலில் நின்று பார்த்தேன். கூப்பிடவேண்டும். வேற்று ஆம்பிளையை ரோட்டில் கூப்பிட்டதில்லை. அவர் எங்கள் வீட்டைத் தாண்டிவிட்டார். உள்ளே அத்தை தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். குட்டி கொல்லையிலிருந்து அந்தச் சலசலப்பைக் கேட்டுக் காலை உதைத்துக்கொண்டிருந்தது.

"வளையல்காரரே, நில்லு" என்றேன். குதிரைக்குச் சொல்லிச் சொல்லி மரியாதை விட்டுப்போயிற்று. உடனே "நில்லுங்க" என்றேன். அவர் நின்றார், திரும்பினார்.

"எங்க கொல்லையில வந்து குந்துங்க. எல்லாரையும் நான் இட்டாறேன்."

கூட்டிவருவதற்கு வீடு வீடாகப் போகவேண்டியிருந்தது. சந்துப் பெண்கள் என்னை அதுவரை ஊமை என்று நினைத்தார்கள். ஒருத்தி, "இன்னாடி, உனக்கு வாய் கூட கீதா?" என்றாள். வந்தார்கள். கொல்லையில் வளையல்காரர் சாக்கை விரித்தார். சுற்றிப் பெண்கள், குழந்தைகள். பழைய வளையலைக் கழற்றுவதும், கையைப் பிசைந்து புதிது ஏற்றுவதும், உடைந்தால் உடைந்தது என்று சொல்லக்கூடாதென்று "பெருகிடுச்சு, பெருகிடுச்சு" என்று சொல்லிக்கொள்வதுமாக ஒரே சலசலப்பு. நடுவில் நான் குட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அதற்கு உடம்பு பூராவும் நடுங்கியது. போ, நில், போ, நில் என்று நாற்பது கைகள் ஒரே நேரத்தில் சொல்வது மாதிரிதான் அதற்கு இருந்திருக்கும். ஓரடி போகும், கயிறு தடுக்கும். திரும்பும். வியர்த்து வாயோரம் நுரை தள்ளியது. நான் அதன் கழுத்தில் கையை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாதவரைக்கும் ஒன்றும் செய்யவேண்டாம் என்று அதற்குத் தெரியவேண்டும். பெண்கள் வளையல் போட்டு முடித்தும் போகவில்லை, கதை பேசினார்கள். வெயில் சுவரேறியபோது அது தலையைத் தொங்கவிட்டு ஒரு பின்னங்காலைத் தளர்த்தி நின்றது. குதிரை அப்படி நின்றால் ஓய்வு எடுக்கிறது என்று பொருள். நான் அப்போது மெதுவாக "போ" என்றேன். நிமிர்ந்து நடந்தது.

எல்லார் வளையலையும் அது கேட்டுப் பழகிவிட்டது. என் வளையல் மட்டும் துணிக்குள்ளேயே இருந்தது. அதை அவிழ்த்துப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அமாவாசைக்கு அவர் விடியும் முன்பே குட்டியைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். நான் வீட்டில் இருப்பதாகத்தான் பேச்சு. முதல் ரயில் ஊதியது. அடுப்பில் வைத்த சோறு அடிப்பிடித்தது. இரண்டாவது ரயில் ஊதியது. அத்தை பார்த்தாள். "போய்த் தொலை. இங்க நடக்கிற நடைக்கு ஸ்டேசனுக்குப் போயி வந்திருக்கலாம்."

ஸ்டேஷன் வாசலில் கால் வைக்க இடமில்லை. தலையில் மூட்டை, கையில் தூக்குவாளி, இடுப்பில் குழந்தை. வெல்லக் கூடைக்காரர்கள் கத்தினார்கள். ஜட்காக்காரர்கள் கத்தினார்கள். நான் புளியமரத்து ஓரம் ஒதுங்கி நின்றேன். வரிசையில் எங்கள் வண்டி. முன்னால் குட்டி, காது ரெண்டும் கத்தரிக்கோல் மாதிரி போய்ப் போய் வந்தது. வண்டிக்கு எதிரில் தரகர் தோளில் சுற்றிய கயிற்றோடு பீடி பிடித்துக்கொண்டு நின்றார்.

கிழவி ஒருத்தியும் மூன்று பெண்களும் எங்கள் வண்டிக்கு வந்தார்கள். கைநிறைய வளையல். முதல் பெண் கம்பியைப் பிடித்தாள், சல்லென்றது. குட்டி முன்னங்காலைத் தூக்கியது.  அவர் குனிந்து அதன் முதுகோரம் ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை, ஆனால் என்ன சொன்னார் என்று தெரியும். கால் இருந்த இடத்திலேயே இறங்கியது. அந்தப் பெண் ஏறினாள். அடுத்தவள் ஏறினாள். கிழவி ஏறும்போது, "இன்னா வண்டிக்காரரே, குதுரைக்குக் காதுல ரகசியம் சொல்றே?" என்றாள்.

"மாமியார் ஊட்டுச் சங்கதிம்மா, சத்தமா சொல்ல முடியாது. முன்னால தள்ளிக் குந்துங்க, வண்டி தூக்குது" என்றார் அவர்.

பக்கத்து வண்டியிலிருந்து வெள்ளைக்குதிரைக்காரர் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "வளையல் போடாமலே ஓட்டுறான்பா" என்றார். தரகர் பீடியைக் கீழே போட்டு மிதித்தார். போகவில்லை, பார்த்துக்கொண்டே நின்றார்.

அப்போது அவர் என்னைப் பார்த்துவிட்டார். கையை ஆட்டிக் கூப்பிட்டார். அத்தனை ஜனத்தின் நடுவில் நான் நடந்து போனேன்.

"கைக்கட்ட அவுத்துட்டு ஏறு" என்றார்.

"வேணாங்க."

"என்னிக்காவது ஏறத்தானே போற? இன்னிக்குத் தெரிஞ்சிக்கலாம். தரகரும் பாக்கட்டும்."

பல்லால் முடிச்சை இழுத்தேன். துணி அவிழ்ந்தது. வளையல்கள் அத்தனை நாளுக்குப் பிறகு ஒன்றோடொன்று மோதிச் சலாரென்று மணிக்கட்டில் விழுந்தன. குட்டி தலையை முழுக்கத் திருப்பியது. கண்பட்டை தடுத்ததால் என்னைப் பார்க்கமுடியவில்லை. மூக்கு விடைத்தது. படியில் கால் வைத்தேன், கம்பியைப் பிடிக்கும்போது வளையல் மேலே போயிற்று. அது கிளம்பச் சொல்கிற சத்தம், என் சத்தம், குட்டி முதலில் கற்றுக்கொண்ட சத்தம்.

காது என் பக்கம் வந்தது. அங்கேயே நின்றது. கால் எடுக்கவில்லை.

நான் கிழவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் மெதுவாக, என்னைப் போலவே, "போ" என்றார். காது முன்னால் திரும்பியது. வண்டி கிளம்பியது. தரகர் கயிற்றை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டு கூட்டத்தில் போனது பின்பக்கமாகத் தெரிந்தது.

சூளை இல்லை, அது எங்களுக்குத்தான் என்று ஆகிவிட்டது. அழுகை வருமென்று நினைத்தேன், வரவில்லை. கைதான் ஓயவில்லை. வளையலை மேலே தள்ளினேன், விட்டேன். மறுபடி தள்ளினேன். குட்டி அதே நடையில் போனது.

"இன்னாம்மா, கைய ஆட்டிக்கினே கீற? பயமா?" என்றாள் கிழவி.

"இல்ல" என்றேன். குளம்புச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, கோயில் குளம் வரைக்கும் தள்ளித் தள்ளி விட்டுக்கொண்டே போனேன்.